வாத்தியார் ஊட்டுச் செவுரு

கால்ல இடிக்குதுங்களா தம்பி? சித்த இருங்க, இக்கட்டால நகத்தி வெச்சுக்கறேன். சாக்குல சுத்திக் கட்டியிருக்கறதப் பாத்துப்போட்டு பன்னிக்குட்டின்னு நெனச்சுறாதீங்க. கண்டக்டரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டு, உசுரோட எதையும் ஏத்தக் கூடாதுன்னு சண்டைக்கு வந்துட்டான். மிஷினுங்க இது. தண்ணி பீச்சி அடிக்கிற மிஷின். குழாயில வர்ற தண்ணிய உள்ள வாங்கி, ஊசியாட்ட வெளிய விடும். கைய நீட்டுனா தோலு உரிஞ்சு போயிரும். நான் நீட்டிப் பாத்தேன். இந்தாங்க, இந்தத் தழும்பு அதுதான்.

அந்த பக்கெட்டு, தேங்கா நாரு, ஈக்குமாறு, பழைய பனியன் துணி மூட்டை, அதெல்லாம் என்ற ஊட்டுக்காரியோடதுங்க. முன்னால மூணாவது சீட்டுல, சன்னலோரமா, தூங்கறாப்புல உக்காந்திருக்கா பாருங்க, அவதான். மயிலாத்தா. தூங்கறாப்புலதான் தெரியும். தூங்க மாட்டா. நாம இங்க பேசறது பூராவும் அங்க கேட்டுட்டிருக்கும்.

ஊடு கழுவறதுங்க நம்ம தொழிலு. உள்ள இல்லீங்க, உள்ள அவங்கவங்க கழுவிக்குவாங்க. வெளிச்செவுரு, ஓடு, வாசப்படி, களம், காம்பவுண்டு, இதுக நம்ம பொறுப்பு. கலியாணம், சீரு, நோம்பின்னா கூப்புடுவாங்க. 'சென்னியப்பன் வாட்டர் வாஷ்'னு பொள்ளாச்சிப் பக்கம் கேட்டுப் பாருங்க. சென்னியப்பன் நானுங்க.

நீங்க உடுமலைக்குங்களா? சொந்த ஊடுங்களா? வெளிச்செவுத்துக்கு என்ன அடிச்சிருக்கீங்க, எமல்சனுங்களா? பாசி புடிச்சிருக்குதா? அப்படி வாங்க. மிஷின எடுத்து நாலு அடி பக்கத்துல நின்னு ஒரு விடு விட்டா... இருங்க, இருங்க. ஏ புள்ளெ! எமல்சன் செவுருன்னா மிஷின விடலாமல்லோ?

தலைய ஆட்டறா. வேண்டாங்கறா. விட்டா பெயிண்டு பொக்குப் பொக்கா எந்திரிச்சுக்குமாமா. சோப்புத் தண்ணிய மெத்துனு ஒரு பிரசுல கீழயிருந்து மேல பூசிக்கிட்டுப் போகோணும், அலசறப்ப மேலயிருந்து கீழ அலசிக்கிட்டு வரோணும். மேலயிருந்து பூசுனா அழுக்குத் தண்ணி வழிஞ்சு கோடு கோடா நின்னுபோகும், அப்பறம் எதுக்கும் போகாதுங்கறா. இதெல்லாம் நானே சொல்லியிருப்பனுங்க. சரி, பொம்பள, முன்னாடி சும்மா உக்காந்திருக்கறாளே, ஒரு வார்த்த கேட்டு வெப்போம்னு கேக்கறது.

தம்பி, உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணுமுங்க. தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டா எல்லாரும் அவ பக்கமே பேசறாங்க. நீங்க படிச்சவராட்டத் தெரியுது, எங்க ரெண்டு பேருத்தையும் முன்னப் பின்னப் பாத்ததில்ல. நீங்க சொல்லுங்க. போன மாசம் செம்மாம்பாளையத்து வாத்தியார் ஊட்டு நிச்சயத்தக் காப்பாத்துனது என்ற மிஷினா, அவளோட தேங்கா நாரா? பொறுங்க, இப்பவே சொல்லீறாதீங்க. முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. நாங்க எறங்கறதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது.

நான் மொதல்ல பம்புசெட்டு மோட்டாரு சுத்தீட்டிருந்தனுங்க. மூணு வருசத்துக்கு முந்தி கோயமுத்தூருல ஒரு கண்காட்சிக்குப் போனேன். அங்க ஒருத்தன், சேறு அப்பிக் கெடந்த டிராக்டரு டயர இந்த மிஷின வெச்சு ரெண்டே நொடியில புதுசாக்கிக் காட்டுனான். எனக்கு மயிரெல்லாம் சிலுத்துக்கிச்சு. டயரே இப்படின்னா ஊடெல்லாம் எம்மாத்தரம்னு அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டேன். செவுரோ, ஓடோ, கதவோ, அழுக்குன்னா அழுக்குத்தானுங்களே? எல்லாத்துக்கும் ஒரே அடி. நம்ம கொள்கை அது.

அவ அப்படியில்லீங்க. அவ மாசம் ஒருக்கா கோயிலு கோயிலா உழவாரப் பணிக்குப் போறவ. பத்துப் பதினஞ்சு பொம்பளைக சேந்து போயி, கல்லுல அப்பியிருக்கற எண்ணெப் பிசுக்கு, பித்தள, மரம்னு ஒவ்வொண்ணாத் தேச்சுக் கழுவீட்டு வருவாங்க. பிரசாதத்துக்குப் போறாங்கன்னுதான் நான் நெனச்சுக்கறது. ஆனா வந்தா ஒரே பேச்சு. கல்லுக்கு இது, மரத்துக்கு அது, சுண்ணாம்புன்னா கைய வெக்கறதுக்கு முந்தி ஒருக்கா யோசிக்கோணும்னு. என்னமோ செவுத்துக்கெல்லாம் நாக்கு இருக்கறாப்புல, எது அதுக்குப் புடிக்கும், எது புடிக்காதுன்னு பேசுவா. நான் சிரிச்சுக்குவேன்.

இப்ப வாத்தியார் கதைக்கு வாரேன். நல்லசிவம்னு பேரு. செம்மாம்பாளையத்துலயே முப்பது வருசம் மூணாங் கிளாசு எடுத்து ரிட்டேரானவரு. ஊட்டுக்காரம்மா தவறிப் போயி நாலு வருசமாச்சு. ஒரே புள்ள, சௌமியா. அந்தப் புள்ளைய அதே ஊரு அர்த்தனாரி அண்ணன் பையன் பிரபுவுக்குக் கேட்டு வந்து, ஞாயித்துக்கெழமை உப்புச் சக்கரை மாத்தறதுன்னு பேச்சு. எங்கூரு வழக்கம் உங்களுக்குத் தெரியுமல்லோ? மாப்ள ஊட்டுக்காரங்க உப்பும் சக்கரையும் துணியில கட்டிக் கொண்டாருவாங்க. ரெண்டு ஊட்டுக்காரங்களும் மாத்திக்கிட்டா கலியாணம் உறுதி. அந்த மூட்டை கை மாறலீன்னா, எத்தனை பேசியிருந்தாலும் ஒண்ணும் கெடையாது.

அந்த ஞாயித்துக்கெழமைக்கு முந்துன ரெண்டு நாளு ஊட்டக் கழுவறதுக்கு எங்களக் கூப்புட்டிருந்தாரு.

போனொடனே நான் மிஷின மாட்டி ஓட்டுக்கு நேரா நீட்டுனேன். "மாமா, ஓட்ட விடுங்க"ங்கறா. அடிச்சா தண்ணி ஓட்டுக்கு அடியில பூந்து ஊட்டுக்குள்ள கொட்டுமாமா, பழைய ஓடு, வெடிச்சும் போகுமாமா. ஏணிய வெச்சு அவளே ஏறி, காஞ்ச பாசிய ஈக்குமாத்துல தள்ளிப்போட்டு, மேல இருந்து கீழ சொம்புல மொண்டு ஊத்தி ஊத்திக் கழுவுனா. சரி, கதவுக்காவது போலாம்னு திரும்புனேன். தேக்குக் கதவு. "மாமா, அது பக்கம் போகாதீங்க." ஈரத்துணிய நல்லாப் புழிஞ்சு தொடச்சு, காய விட்டு, தேங்கா எண்ணெயத் தொட்டு ஒரு தேய்ப்பு. சரி, படி. கல்லுப் படிதானே, அடிக்கலாமல்லோ? அங்க வருசக்கணக்கா வெளக்கு வெச்சு எண்ணெ ஊறிப் போயிருக்குது. அரப்புத் தூளும் சோடாவும் கொழப்பிப் பூசி, ஊற வெச்சுத் தேச்சா. எனக்குப் பாத்துப் பாத்துக் கை அரிக்குது.

களம் மட்டுந்தான் எனக்கு விட்டா. சிமிட்டிக் களம். "மாமா, உங்க மிஷினுக்கு ஏத்தது இதுதான், வெளுத்து வாங்குங்க"ன்னா. வாங்குனேன் பாருங்க! ஒரே மணி நேரம். மாவக் கொட்டி வெச்சாப்புல ஆயிப்போச்சு. வாத்தியாரே வந்து, "சென்னியப்பா, செருப்போட நடக்க மனசு வரல"ன்னாரு. அதக் கேட்டதுக்கப்பறம் என்னைய யாரு புடிக்கறது?

ஞாயித்துக்கெழமை காத்தால காம்பவுண்டு மட்டுந்தான் பாக்கி. ரோட்டப் பாத்த செவுரு, இருபதடி நீளம், வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு அப்பளம் கனத்துக்கு ஏறிக் கெடந்துச்சு. அதத் தொடவே கூடாதுன்னு அவ முந்துன நாளே சொல்லிப்போட்டா. அடியில ஓடற பாசிய மட்டும் நாருல தேச்சு விட்டாப் போதும், மேல அவரு அடுத்த பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்குவாருன்னா. நானும் சரீன்னு தலைய ஆட்டுனேன். நெசமாலுமே தொடாம இருக்கலாம்னுதான் இருந்தேன்.

அவ சன்னல் கம்பியத் தொடைக்கறதுக்குப் பின்னால போனா. நான் தனியா மிஷினோட நிக்கறேன். செவுரு பொக்குப் பொக்கா, அழுக்கா, என்னையவே பாத்துட்டு நிக்குது. மாப்ள ஊட்டுக்காரங்க வந்து எறங்குனா மொதல்ல கண்ணுல படறதே இதுதானேன்னு தோணுச்சு. ஒரு ஓரத்துல மட்டும் அடிச்சுப் பாக்கலாம்னு அடிச்சேன். அய்யோ, என்ன சுகம்! சுண்ணாம்பு ஏடு ஏடா உரிஞ்சு வருதுங்க, வெங்காயம் உரிக்கிறாப்புல. ஒரு ஓரம்னு நெனச்சது பாதிச் செவுரு ஆயிப்போச்சு.

பாத்தா, உள்ளுக்குள்ள எழுத்து! நீலத்துல, ஆளு ஒசரத்துக்கு. 'உங்கள் ஓட்டு சாமியப்பனுக்கே. சின்னம் மேசை விளக்கு'ன்னு, பக்கத்துல வெளக்குப் படமும் போட்டு, கலரு துளியும் மங்காம நிக்குது. எந்தக் காலத்து எழுத்து! இத்தன வருசமா மூடிக் கெடந்தத என்ற மிஷின் அஞ்சே நிமிசத்துல வெளிய கொண்டாந்திருக்குது. எனக்குப் பெருமை தாங்கல. "வாத்தியாருங்க, ஓடி வாங்க, உங்க செவுத்துல ஒரு அதிசயம்"னு நானேதான் கூப்புட்டேன்.

மனுசன் வந்தாரு. பாத்தாரு. அப்படியே களத்துல உக்காந்துட்டாரு.

எனக்கு அப்பத்தான் விசயமே தெரிஞ்சுதுங்க. இருபது வருசத்துக்கும் மேல ஆச்சாமா, பஞ்சாயத்துத் தலைவரு எலெக்சன். அர்த்தனாரி அண்ணன் நின்னிருக்காரு, பூட்டு சாவிச் சின்னத்துல. எதிர்த்து நின்னது சாமியப்பன், மேசை விளக்கு. அர்த்தனாரி அண்ணன் பதினோரு ஓட்டுல தோத்துப் போனாரு. பதினோரு ஓட்டு! அந்தப் பதினோரு பேரு யாரு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெரல விட்டு எண்ணிக்கிட்டிருக்கற மனுசன். அப்ப யாரோ போயி அவருகிட்ட, "உங்க சிநேகிதன் வாத்தியார் செவுத்துல வெளக்குச் சின்னம் இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்"னு சொல்லியிருக்கறான். வாத்தியாரு போயி, "இல்லப்பா, உன்ற சின்னத்தத்தான் என்ற கையால எழுதுனேன்"னு சத்தியம் பண்ணியிருக்காரு. அவரும் பாதி நம்பி, பாதி நம்பாம இருந்திருக்காரு. ரெண்டு வருசம் பேச்சு வார்த்தையே இல்லீங்களாமா. அப்பறம் மெல்ல மெல்லப் பேசி, இப்ப புள்ளைகளுக்குப் புடிச்சுப் போனதால சம்பந்தம் வரைக்கும் வந்திருக்குது. இந்த நேரம் பாத்து, அதே செவுத்துல, அதே வெளக்கு!

"நான் பூட்டு சாவி எழுதுனது நெசந்தான் சென்னியப்பா"ங்கறாரு வாத்தியாரு. "எழுதிப்போட்டு எலெக்சன் டூட்டி டிரெயினிங்குக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா வெளக்கு இருக்குது. சாமியப்பன் ஆளுக வந்து எழுதிப்போட்டுப் போயிட்டானுக. அர்த்தனாரி பாத்தாத் தாங்க மாட்டான்னு அன்னைக்கே முழுசும் வெள்ளையடிச்சுட்டேன். வெளக்கு இருந்துச்சுன்னு சொன்னா, நான் எழுதுனேங்கறத எப்படி நம்புவான்? அதனால அதச் சொல்லவேயில்ல."

சௌமியா பொண்ணு சன்னலுக்கிட்ட நின்னு இதெல்லாம் கேட்டுட்டிருக்குது. தலையில பாதிப் பூ வெச்சு, பாதி கையில. அந்த மூஞ்சியப் பாக்க முடியலீங்க தம்பி. என்ற மிஷினால ஒரு புள்ளையோட நிச்சயம் நின்னு போகப் போகுதேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல.

உடனே சுண்ணாம்பு அடிச்சு மூடிறலாம்னு வாத்தியாரு எந்திரிச்சாரு. சத்தம் கேட்டு வந்த மயிலாத்தா, "ஈரச் செவுத்துல சுண்ணாம்பு வெளுப்புக் காட்டாதுங்கய்யா, காஞ்சாத்தான் மூடும். நாளைக்கு வேணா மூடும்"னுட்டா. அவங்க வர்றதோ மூணு மணிக்கு. நாலரைக்கு ராகு காலம், அதுக்கு முந்தி எல்லாம் முடிஞ்சாகோணும்.

அப்ப எனக்கு ஒரு யோசனை உதிச்சுதுங்க. மூட முடியலீன்னா என்ன, பேத்து எடுத்தர்றது! மிஷின் மூக்கத் திருகி, இருக்கறதுலயே கூரா வெச்சு, வெளக்குக்கு நேராப் புடிச்சு விட்டேன் பாருங்க, சுண்ணாம்பு என்ன, காரையே கட்டி கட்டியா விழுது. இன்னும் பத்தே நிமிசம், வெளக்கு போன எடம் தெரியாது. அந்த நேரத்துல, டப்புனு நின்னு போச்சுங்க. கரண்டு போயிருச்சு.

மயிலாத்தாவும் அப்படித்தான் சொன்னா. பிளக்குக்குக் கிட்டத்தானே நின்னுட்டிருந்தா, அவளுக்குத் தெரியாதா? ஊட்டுக்குள்ள பேன் மட்டும் சுத்தீட்டிருந்துச்சு. அது வேற லைனாட்ட இருக்குது.

ஏனுங்க தம்பி சிரிக்கிறீங்க?

செரி. நான் மிஷின ஓரங்கட்டறேன். அவ செவுத்துக்கிட்டப் போயி, நான் பேத்த பள்ளத்துல மூக்கு ஒட்டற மாதிரி நின்னு பாக்கறா. "மாமா, இங்க வாங்க. நீலத்துக்கு அடியில கறுப்பு தெரியுதுங்களா?" எனக்கு ஒண்ணும் தெரியல, இருந்தாலும் தெரியுதுன்னேன். "வெளக்கு எழுதுனவன் கீழ இருந்ததச் சொரண்டல. மேல ஒரு கை சுண்ணாம்பப் பூசி, அதுமேல எழுதியிருக்கறான். இந்த ஒரு ஏட்ட மட்டும் பையக் கழட்டுனா அய்யா எழுதுனது இருக்கோணும்"ங்கறா.

கோணிச் சாக்க நல்லா நனச்சு செவுத்துல ஒட்ட வெச்சா. ஊறட்டும்னு விட்டா. ஊட்டுக்குள்ள போயி ஒரு உருண்டை புளிய வாங்கிக் கரைச்சு எடுத்துட்டு வந்தா. புளிக்குச் சுண்ணாம்பு எளகுமாமா. பனியன் துணியில புளித் தண்ணியத் தொட்டு ஒத்தடம் குடுக்கறாப்புல ஒத்தி, தேங்கா நாருல வட்டமா, குழந்தைக்கு முதுகு தேய்க்கிறாப்புல தேய்க்கிறா. ஒரு சாணு எடத்துக்கு அரை மணி நேரம். நான் நின்னுட்டிருக்கேன், காலு ஓய்ஞ்சு போச்சு. எனக்கு நம்பிக்கையே இல்லீங்க. இந்த வேகத்துல போனா, புள்ளைக்குப் புள்ள பொறந்தப்பறந்தான் முடியும்னு நெனச்சேன்.

இதுல என்ன ஆச்சுன்னா, மூணு மணிக்கு வர வேண்டியவங்க ரெண்டு மணிக்கே வந்துட்டாங்க. ராகு காலத்துக்குப் பயந்து முன்கூட்டியே கெளம்பிட்டாங்களாமா. ரெண்டு வேனு, சொந்தக்காரங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு. அர்த்தனாரி அண்ணன் வெள்ள வேட்டி, தோள்ல துண்டோட மொதல் ஆளா எறங்குனாரு. எறங்குன காலு தரையில, கண்ணு செவுத்துல. அப்படியே நின்னாரு.

பின்னால அவங்கூட்டுப் பொம்பளைக தட்டத்தோட எறங்கறாங்க, தட்டுல உப்பு மூட்டையும் சக்கரை மூட்டையும். அவரு ஊட்டுக்காரம்மா, "என்னங்க, உள்ள போலாமல்லோ?"ங்கறாங்க. இவரு வாத்தியாரப் பாத்தாரு. "வாத்தியாரே, சத்தியம் பண்ணுனியே"ன்னாரு. அவ்வளவுதான். திரும்பி டிரைவர்கிட்ட, "வண்டியத் திருப்பு"ன்னாரு.

டிரைவரு சாவியப் போட்டுட்டான். நான் மிஷினுக்குப் பின்னால பம்மி நிக்கறேன். ஊரே நின்னு பாக்குது. மயிலாத்தா மட்டும், திரும்பிக்கூடப் பாக்கல தம்பி, தேச்சுக்கிட்டே சொல்றா: "அண்ணா, வந்தது வந்துட்டீங்க, ஒரு வாய் மோரு குடிச்சுப்போட்டுப் போங்க. செவுரு இன்னும் கழுவி முடியல."

என்ன தைரியம் பாருங்க! அவரு அதட்டுவாருன்னு பாத்தேன். ஆனா அவரு கண்ணு அவ கை மேல நின்னுபோச்சு. அதுவரைக்கும் ஊறிக் கெடந்த சுண்ணாம்பு இப்பச் சுளுவா வருது; அந்தக் கைக்கு அடியில இருந்து, நீலம் கரைஞ்சு வழிய வழிய, கறுப்புல ஒரு வளையம் வந்துச்சு. சாவியோட தலை. அப்பறம் சாவி. அப்பறம் பூட்டு. ஸ்கூல்ல போர்டுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டுங்க, அதுல எழுதியிருந்தாரு மனுசன். சும்மா கிண்ணுன்னு நிக்குது. 'நமது வேட்பாளர் திரு. அர்த்தனாரி'ன்னு வரி புடிச்சாப்புல ஒரே நேரா எழுத்து.

டிரைவரு வண்டிய நிறுத்திட்டு எறங்கி வந்துட்டான். தட்டத்தோட பொம்பளைக வந்துட்டாங்க. அர்த்தனாரி அண்ணன் மூஞ்சி மட்டும் எளகல. "இதையும் யாரு எழுதுனாங்கன்னு எப்படித் தெரியும்? என்ற ஆளுக ஊரெல்லாம் எழுதுனானுக"ங்கறாரு.

மயிலாத்தா வலது பக்கத்து மேல் மூலைக்குப் போனா. ஒத்துனா, தேச்சா. அங்க ஒரு வரி வந்துச்சு. '3.10.2001, புதன்கிழமை.' அதுக்குக் கீழ ஒரு கட்டம். கட்டத்துக்குள்ள, 'அழிக்க வேண்டாம்.'

மாப்ளப் பையன் பிரபு சிரிச்சுட்டானுங்க. சிரிச்சான்னா அப்படிச் சிரிப்பு. "அப்பா, இது சார் எழுத்துப்பா! மூணாங் கிளாசுல போர்டு மூலையில இப்படித்தான் தேதி போட்டு, கட்டம் கட்டி எழுதுவாரு. அதத் தொட்டம்னா முட்டி பேந்துரும்"ங்கறான். கூட வந்ததுல பாதிப் பேரு அவருகிட்ட மூணாங் கிளாசு படிச்சவங்கதான். எல்லாரும் ஆமாங்கறாங்க, சிரிக்கிறாங்க. எலெக்சன் வெளம்பரத்துக்கு மேல தேதியும் கெழமையும் போடற ஆளு இந்த ஒலகத்துல வேற யாருங்க இருக்க முடியும்?

அர்த்தனாரி அண்ணன் சிரிக்கல. செவுத்துக்கிட்டப் போயி, அந்தக் கட்டத்த வெரலால தொட்டாரு. "ஏப்பா நல்லசிவம், நீ அப்ப கெவருமெண்டு வேலையில இருந்தியே. எவனாவது பாத்து ஒரு மனு போட்டிருந்தா என்னாயிருக்கும்?"

"வேலை போயிருக்கும்."

"தெரிஞ்சேவா எழுதுனே?"

"விடியறதுக்கு முந்தி எழுதுனேன். யாரு எழுதுனதுன்னு தெரியக் கூடாதுன்னு எழுத்தக்கூட மாத்தித்தான் எழுதுனேன்."

"எழுத்த மாத்திப்போட்டு, மேல தேதியப் போட்டுட்டியா?"

"போர்டுப் பழக்கமப்பா. கை தானாப் போட்டிருச்சு."

அப்பத்தான் அந்த மனுசன் சிரிச்சாருங்க. சிரிச்சுக்கிட்டே துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சாரு, தொடச்சுப்போட்டு மறுக்காச் சிரிச்சாரு. "இருபத்திமூணு வருசம் உன்னையும் சேத்துத்தானே எண்ணிக்கிட்டிருந்தேன்"னாரு. வாத்தியாரு, "பத்துப் பேரத் தேடு"ன்னாரு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அர்த்தனாரி அண்ணன் பொம்பளைகளப் பாத்து, "என்ன நின்னுட்டே இருக்கீங்க? ராகு காலம் வருதல்லோ, எம்பட சம்பந்திகிட்ட உப்பக் குடுங்க"ன்னாரு. ஊட்டுக்குள்ள கூடப் போகலீங்க. அந்தச் செவுத்துக்கு முன்னாலயே, நான் கழுவுன களத்துலதான் உப்பும் சக்கரையும் மாத்திக்கிட்டாங்க. சௌமியா மிச்சப் பூவ எப்ப வெச்சுதோ தெரியல, தல நெறையப் பூவோட வந்து நின்னுது.

இப்பச் சொல்லுங்க தம்பி. மிஷின் உரிக்கலீன்னா அந்த எழுத்து வெளிய வந்திருக்குமா? அவ சொன்னாப்புல பாசிய மட்டும் தேச்சுவிட்டுப் போயிருந்தா, அந்த மனுசன் சாகற வரைக்கும் பதினொண்ண எண்ணிக்கிட்டே இருந்திருப்பாரல்லோ? அப்ப காப்பாத்துனது எது? ஆனா அன்னைக்கு எல்லாரும் அவளச் சுத்தித்தான் நிக்கறாங்க. அவளுக்குத்தான் சீலை வெச்சுக் குடுத்தாங்க. எனக்கு ஒரு துண்டு. கரண்டு போனதால பாதியில நின்னுது, இல்லாட்டி நானே அந்தக் கறுப்பு வரைக்கும் போயிருப்பேன்னு சொன்னேன். வாத்தியாரு, "அதத்தான் நானும் நெனச்சேன் சென்னியப்பா"ன்னு என்ற தோளத் தட்டிக் குடுத்தாரு. அவரு ஒருத்தருக்குத்தான் புரிஞ்சுது.

அந்தச் செவுத்துக்கு இனிமேச் சுண்ணாம்பே அடிக்கறதில்லைன்னுட்டாரு வாத்தியாரு. மழ படாம மேல ஒரு தகரம் எறக்கி வெச்சிருக்காரு.

இன்னைக்கு எங்க போறம்னு கேக்கறீங்களா? அர்த்தனாரி அண்ணன் புதுசா உடுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல ஊடு கட்டியிருக்காரு, அங்கதான் கலியாணம். கூப்புட்டுச் சொன்னாரு, "மயிலாத்தாவக் கண்டிப்பாக் கூட்டிட்டு வா"ன்னு. மிஷினப் பத்திக் கேட்டேன். "கொண்டா, ஆனா மயிலாத்தா காட்டற எடத்துல மட்டும் வை"ன்னாரு. மிஷின் தேஞ்சு போயிருமேன்னு அவருக்குக் கவல.

வாத்தியார் ஊட்டுக்கப்பறம் ஒரு புது வழக்கம் வெச்சிருக்கா அவ. எந்த ஊட்டுக்குப் போனாலும் நான் சாக்கு அவுக்கறதுக்குள்ள கையில ஒரு சாக்பீசோட ஊட்டச் சுத்தி வருவா. ஓட்டோரத்துல ஒரு பெருக்கல், சுண்ணாம்புச் செவுத்துல ஒரு பெருக்கல், கதவுக்குப் பக்கத்துல பெருக்கல், எமல்சனுக்குப் பெருக்கல். பெருக்கல் போட்ட எடமெல்லாம் அவளோடது, சில்லறை வேல. ஆனா சுத்தி முடிக்கிறப்ப எங்கியாச்சும் ஒரு எடத்துல, மாட்டுச்சாளைத் தரையோ, சிமிட்டிக் களமோ, தண்ணித் தொட்டியோ, குனிஞ்சு பெருசா ஒரு கட்டம் போட்டு, உள்ள 'மாமா'ன்னு எழுதி வெப்பா. இருக்கறதுலயே கெட்டியான எடம் பாத்துத்தான் எனக்கு விடுவா. வேற யாராலயும் முடியாதல்லோ? இன்னைக்கு வரைக்கும் ஒரு ஊட்டுலகூட எனக்கு எடமில்லாம விட்டதில்லீங்க. ஒரு ஊட்டுல களமே இல்ல, எல்லாம் பூந்தோட்டம். சுத்திச் சுத்தி வந்தா. கடைசில ரோட்டோரமா அவங்க துணி தொவைக்கிற கல்லு ஒண்ணு கெடந்துச்சு. அதுமேல எழுதி வெச்சா, 'மாமா'ன்னு.

மொதல்ல 'மாமா'ன்னு மட்டுந்தான் எழுதுனா. இப்ப இப்ப, கட்டத்துக்குக் கீழ இன்னொரு வரியும் சேத்துக்கறா. 'அழிக்க வேண்டாம்'னு. எனக்குச் சிரிப்பு வரும். அடிச்சா அழிஞ்சுதானே போகும் புள்ளெம்பேன். "பரவால்லீங்க மாமா, அடுத்த ஊட்டுல மறுக்கா எழுதிக்கறேன்"ம்பா. நான் களம் பூராவும் அடிச்சுப்போட்டு, அந்த ஒரு கட்டத்த மட்டும் கடைசிக்கு வெச்சுக்குவேன். சில நாளு அதக் கழுவாமயே சாக்கக் கட்டிக்கிட்டு வந்துர்றதும் உண்டு. அவகிட்டச் சொல்லீறாதீங்க.

தோ, எந்திரிச்சுட்டா. தூங்கலைன்னு சொன்னனல்லோ? எங்க நிறுத்தம் வந்துருச்சாட்ட இருக்குது. சித்த அந்த பக்கெட்ட எடுத்துக் குடுங்க தம்பி. ஈக்குமாறு பத்தரம், கண்ணுல குத்தீரும். நாயம் சொல்லாமயே சிரிச்சுக்கிட்டு இருக்கறீங்க. பரவால்ல, மனசுல என்ன இருக்குதுன்னு மூஞ்சியிலயே தெரியுது, மிஷினுன்னுதானே?

வாரேன் புள்ளெ, வாரேன். பக்கெட்டையும் நானேதான் தூக்கிட்டு வாரேன்.